60க்கும் 61க்கும் இடையில்: வீட்டு மீற்றரின் கதை

2022 கடைசியில் நாங்கள் ஆறு பேர் ஒரு வீட்டின் மேல்மாடியில் போடிங் இருந்தோம். வீட்டுக்கார அன்ரி கீழே தனிய. மாதம் முடிய மின்பட்டியல் வரும். அதைப் படிக்கட்டில் நின்று அன்ரி சத்தமாக வாசிப்பா, நாங்கள் மேலே மௌனமாகக் கேட்போம்.

ஒரு மாதம் பட்டியலில் 118 யூனிற். அன்ரி சொன்னா: "நான் தனிய இருக்கேக்க அறுபதைத் தாண்டினதில்ல பிள்ளையள். நீங்கள் வந்தாப் பிறகு யூனிற் ரெண்டு மடங்கு, காசு அஞ்சு மடங்கு."

பொய் என்றுதான் முதலில் நினைத்தோம். ரெண்டு மடங்கு பாவித்தால் ரெண்டு மடங்கு காசுதானே வரவேணும்? கடையில் ஒரு கிலோ சீனிக்கு ஒரு விலை என்றால் ரெண்டு கிலோவுக்கு அதன் இரட்டிப்பு. கொப்பியை எடுத்து அப்போதைய கட்டண அட்டவணையை வைத்துக் கணக்குப் பார்த்தோம். 60 யூனிற்றுக்கு 780 ரூபா. 118 யூனிற்றுக்கு 3800 ரூபா. அன்ரி சொன்னது சரி.

அன்றைக்குத் தொடங்கிய வாசிப்புத்தான் இந்தக் கட்டுரை. சுவரில் தொங்குகிற அந்தப் பெட்டியை யார், எதற்காகக் கண்டுபிடித்தார்கள்? அது எண்ணுகிற எண் எப்படி எங்கட பட்டியலில் வேறொரு உருவத்தில் வந்து நிற்கிறது?

கண்ணுக்குத் தெரியாததை நிறுப்பது

1882 செப்ரெம்பர் 4ஆம் திகதி நியூயோர்க்கின் பேர்ல் வீதியில் தோமஸ் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. முதல் நாளில் எண்பது சொச்ச வாடிக்கையாளர்கள், சுமார் 400 விளக்குகள். கரண்ட் ஓடியது, விளக்கு எரிந்தது, ஆனால் உடனே பட்டியல் போகவில்லை. காரணம் எளிமையானது: எவ்வளவு கொடுத்தோம் என்று அளக்க நம்பகமான கருவி கையில் இல்லை. முதல் பட்டியல் 1883 ஜனவரியில்தான் ஒரு பித்தளை, செம்புக் கம்பனிக்குப் போனது. தொகை 50 டொலர் 44 சதம்.

எடிசன் பாவித்த மீற்றரில் சுற்றுகிற எதுவும் இல்லை. ஒரு கண்ணாடிச் சாடி, அதற்குள் நாக சல்பேற்றுக் கரைசல், அதில் தொங்கும் இரண்டு நாகத் தகடுகள். வீட்டுக்குப் போகிற மின்னோட்டத்தின் மிகச் சிறிய பங்கு இந்தச் சாடியினூடாகப் போகும். போகப் போக ஒரு தகட்டிலிருந்து நாகம் கரைந்து மற்றத் தகட்டில் படியும். மாதம் ஒருமுறை ஆள் வந்து தகடுகளைக் கழற்றிக்கொண்டு போய்த் தராசில் நிறுப்பார். நிறை எவ்வளவு மாறியதோ, அவ்வளவு கரண்ட் போயிருக்கிறது என்று கணக்கு. குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடும் என்பதால் மீற்றர் பெட்டிக்குள்ளேயே ஒரு விளக்கையும் வைத்தார்கள்.

விஞ்ஞான பாடத்தில் மின்பகுப்பு படித்த எவருக்கும் இது விளங்கும். ஆனால் வீட்டுக்காரரின் பக்கம் நின்று பார்த்தால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தன்னுடைய வீட்டில் தொங்குகிற மீற்றரை அவரால் வாசிக்க முடியாது. தராசு கம்பனியிடம் இருக்கிறது. நிறுக்கிறவர் கம்பனியின் ஆள். பட்டியலில் வந்த எண்ணை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. மீற்றரின் வரலாறு முழுக்க ஓடுகிற கேள்வி இங்கேயே தொடங்கிவிட்டது என்று நாங்கள் நினைக்கிறோம்: அளவுகோல் யாருடைய கையில்?

விழுந்த சுருள்வில்

எடிசனின் சாடி நேரோட்டத்துக்கு மட்டும்தான் சரிவரும். ஆடலோட்டம் திசை மாறி மாறி ஓடுவது. ஒரு தகட்டில் படிந்த நாகம் அடுத்த கணம் திரும்பிப் போய்விடும். ஆடலோட்டத்தை விற்ற வெஸ்ரிங்ஹவுஸ் கம்பனிக்கு இது பெரிய தலையிடி.

1888இல் அந்தக் கம்பனியின் பொறியியலாளர் ஒலிவர் ஷலன்பேர்கர் ஒரு புதிய வில்விளக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு சின்னச் சுருள்வில் கழன்று உள்ளே விழுந்தது. எடுக்கப் போனவர், அது இருந்த இடத்திலேயே மெல்லச் சுழன்றிருப்பதைக் கவனித்தார். விளக்கின் சுருளில் ஓடிய ஆடலோட்டத்தின் காந்தப்புலம்தான் அதைச் சுழற்றியது. சில வாரங்களுக்குள் அதே தத்துவத்தில் ஒரு மீற்றரைச் செய்துவிட்டார். இத்தாலியில் கலிலியோ பெராரிஸ் 1885இலேயே சுழலும் காந்தப்புலத்தைக் காட்டியிருந்தார். 1889இல் புடாபெஸ்ற் நகரின் கான்ஸ் தொழிற்சாலையில் ஒட்டோ பிளாதி வீட்டுக்குப் போகும் மின்சக்தியையே அளக்கிற மீற்றரைக் கொண்டுவந்தார். அதன் நிறை 23 கிலோ. ஒரு மூட்டை அரிசியைச் சுவரில் தொங்கவிட்ட மாதிரி.

எங்கட அப்பா அம்மா காலத்து வீடுகளில் இருந்த, இன்னும் பல வீடுகளில் இருக்கிற, கறுப்புப் பெட்டிக்குள் மெல்லச் சுற்றும் அலுமினியத் தட்டு இந்தக் குடும்பத்தின் வாரிசு. அதற்குள் இரண்டு சுருள்கள். ஒன்று வீட்டுக்கு வரும் மின்னழுத்தத்தையும், மற்றது வீடு இழுக்கும் மின்னோட்டத்தையும் உணரும். இரண்டும் சேர்ந்து தட்டைச் சுழற்றும். ஒரு நிலைக்காந்தம் அதைப் பிடித்து நிதானப்படுத்தும். ஹீற்றர் போட்டால் தட்டு ஓடும், ஒரு மின்குமிழ் மட்டும் எரிந்தால் ஊரும். தட்டின் ஓரத்தில் இருக்கும் அடையாளம் எத்தனை தரம் சுற்றி வந்தால் ஒரு யூனிற் என்று மீற்றரின் முகத்திலேயே எழுதியிருக்கும்.

ஒரு யூனிற் என்பது 1000 வாற் பொருள் ஒன்று ஒரு மணித்தியாலம் வேலை செய்வது. 75 வாற் மின்விசிறி பதின்மூன்று மணித்தியாலம் சுற்றினால் ஒரு யூனிற் வரும். 1500 வாற் கேத்தில் நாற்பது நிமிஷம் கொதித்தாலும் அதே ஒரு யூனிற்தான்.

தட்டு வந்ததோடு ஒரு முக்கியமான மாற்றமும் நடந்தது. இப்போது வீட்டுக்காரரும் மீற்றரை வாசிக்கலாம். முற்றத்தில் நின்று எண்ணைக் குறித்து, போன மாத எண்ணைக் கழித்தால் போதும். அளவுகோலில் பாதி எங்கட கைக்கு வந்தது. மற்றப் பாதி, அதாவது அந்த எண்ணுக்கு என்ன விலை என்பது, வரவில்லை.

விலையின் ஏணி

எண்ணிக்கை வேறு, விலை வேறு. மின்நிலையக்காரர்கள் சீக்கிரத்திலேயே ஒன்றைக் கண்டுகொண்டார்கள். அவர்களுடைய செலவில் பெரும்பகுதி எரிபொருள் அல்ல, இயந்திரமும் கம்பியும். பின்னேரம் ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்குப் போடுவார்கள் என்பதற்காகவே பெரிய இயந்திரம் வாங்கி வைக்கவேணும். மற்ற நேரத்தில் அது சும்மா கிடக்கும். இங்கிலாந்தின் பிரைற்றன் நகரில் ஆதர் ரைற் என்பவர், ஒரு வாடிக்கையாளர் உச்சமாக எவ்வளவு இழுத்தார் என்று காட்டும் கருவியைச் செய்தார். 1894இல் பிரைற்றனுக்கு வந்த சாமுவேல் இன்சல் அந்த யோசனையைச் சிக்காகோவுக்குக் கொண்டுபோனார். கட்டணம் இரண்டு துண்டானது: இணைப்பு இருப்பதற்கு ஒரு காசு, பாவிப்பதற்கு இன்னொரு காசு. இன்றைக்கு எங்கட பட்டியலில் இருக்கும் 'நிலையான கட்டணம்' இந்த யோசனையின் பேரப்பிள்ளை.

அந்தக் காலத்து ஏணி கீழ்நோக்கி இறங்கியது. கூடப் பாவித்தால் யூனிற் விலை குறையும். சனத்தைக் கூடப் பாவிக்க வைப்பதுதான் வியாபாரம். 1970களின் எண்ணெய் நெருக்கடி வந்தபோதுதான் பல நாடுகளில் ஏணி திரும்பியது. முதல் கொஞ்ச யூனிற் உயிர்வாழத் தேவையானது, அது மலிவாக இருக்கட்டும். அதற்கு மேலே பாவிக்கிறவர் கூடக் கட்டட்டும். கலிபோர்னியா 1975இல் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. இலங்கையின் வீட்டுக் கட்டணமும் இந்த ஏறுகிற ஏணிதான்.

காசில்லாதவர்களுக்கு இன்னொரு மீற்றரும் இருந்தது. பிரிட்டனின் தொழிலாளர் வீடுகளில் நாணயம் போட்டால்தான் கரண்ட் வரும் பெட்டிகள் பல பத்தாண்டுகள் இருந்தன. ஷில்லிங் தீர்ந்தால் விளக்கு அணையும். தென்னாபிரிக்காவில் 1980களில் சொவெற்றோ மக்கள் நிறவெறி ஆட்சிக்கு எதிராக வாடகையும் சேவைக் கட்டணமும் கட்டாமல் புறக்கணித்தார்கள். அதற்குப் பிந்திய வருஷங்களில் அங்கே முற்கொடுப்பனவு மீற்றர்கள் பரவலாக வந்தன. கடையில் காசு கட்டி வாங்கும் 20 இலக்க எண்ணை அழுத்தினால் கரண்ட் வரும். முந்தியென்றால் கரண்டை வெட்ட ஒரு ஆள் வாசலுக்கு வரவேணும். அவரோடு வாதாடலாம், அயலவரைக் கூப்பிடலாம், இன்னும் ரெண்டு நாள் தவணை கேட்கலாம். முற்கொடுப்பனவு மீற்றரோடு எதையும் பேச முடியாது. காசு முடிந்தால் வீடு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும்.

எங்கட பக்கம்

இலங்கையின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஒரு ஆய்வுரையில் கணக்குப்போட்டுக் காட்டினார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். 1969 நவம்பர் 1ஆம் திகதி இலங்கை மின்சார சபை உருவானது.

லக்சபான, நோர்ட்டன்பிரிட்ஜ், காசல்றீ, மவுசாக்கலை என்று பெயர்களை அடுக்கினாலே அது மலையகத்தின் வரைபடம். மவுசாக்கலை நீர்த்தேக்கம் வந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் இன்றைக்கும் வெளியே தெரியும். இந்த நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருந்த லயன் அறைகளுக்கோ மின்சாரம் மிகப் பிந்தித்தான் வந்தது. கொழும்பின் மீற்றர்களைச் சுற்றவைத்த தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்த வீட்டில் மீற்றரே இருக்கவில்லை. மின்சாரத்தின் வரலாற்றை நீர்த்தேக்கத் திறப்பு விழாக்களின் வரலாறாக எழுதும்போது விடுபட்டுப் போவது இதுதான்.

வடக்கின் கதை வேறு. இங்கே மீற்றர் இருந்தது, ஆனால் சுற்றவில்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுந்தது. அடுத்த வருஷங்களை எங்கட அம்மாமார் 'கரண்ட் இல்லாத காலம்' என்று ஒரே சொல்லில் சொல்லுவார்கள். மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு, கொஞ்ச மண்ணெண்ணெய், ஒரு திரி, அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை எழுதினார்கள். றேடியோவில் செய்தி கேட்க ஒருவர் சைக்கிள் டைனமோவைச் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டார்கள். அந்த டைனமோவுக்கு மீற்றர் தேவைப்படவில்லை. எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்பது மிதிக்கிறவரின் காலுக்குத் தெரியும்.

சுவரில் இருந்த மீற்றர் மட்டும் கடைசியாக நின்ற எண்ணோடு அப்படியே இருந்தது. பிறகு வந்த வருஷங்களில் சுன்னாகத்தில் டீசல் இயந்திரங்களால் கரண்ட் வந்தது, வந்து வந்து நின்றது. போர் முடிந்த பிறகுதான் கிளிநொச்சி ஊடாகக் குடாநாடு மறுபடி தேசிய வலையமைப்போடு இணைந்தது. எங்கட தலைமுறை கரண்ட் இருப்பதை இயல்பு என்று நினைத்து வளர்ந்தது.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, தெற்கில் எல்லோரும் அதிர்ந்தார்கள். எங்கட வீடுகளில் அம்மம்மாமார் மட்டும் பதறவில்லை. போத்தலைத் தேடினார்கள்.

105, 360, 1300

2014 செப்ரெம்பரிலிருந்து எட்டு வருஷமாக வீட்டுக் கட்டணம் ஏறவில்லை. உற்பத்திச் செலவு ஏறியது, டொலர் ஏறியது, சபையின் நட்டமும் ஏறியது. எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக வந்தது. 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம். 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம்.

'சராசரி' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மாதம் 30 யூனிற் மட்டும் பாவிக்கிற வீட்டை எடுங்கள். ரெண்டு மூன்று மின்குமிழ், ஒரு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி, போன் சார்ஜர், அவ்வளவுதான். பழைய அட்டவணையில் யூனிற் 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105 ரூபா. 2022 ஓகஸ்டில் யூனிற் 8 ரூபா, நிலையான கட்டணம் 120. மொத்தம் 360. 2023 பெப்ரவரியில் யூனிற் 30 ரூபா, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1300 ரூபா.

ஏழு மாதத்துக்குள் 12 மடங்குக்கு மேல். அந்த வீட்டின் மீற்றர் ஒரு சுற்றுக் கூடக் கூடுதலாகச் சுற்றவில்லை.

2023 ஜூலையில் அதே 30 யூனிற் 450 ரூபாவுக்கு இறங்கியது. 2025 ஜனவரியில் 195. பிறகு கொஞ்சம் ஏறியது. இறங்கியது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஐந்து மாதத்தில் கட்ட முடியாமல் இணைப்பு வெட்டுப்பட்ட வீட்டில் படித்த பிள்ளைக்கு, பிறகு விலை இறங்கியதால் அந்த இரவுகள் திரும்பி வரப்போவதில்லை. 400 ரூபா நிலையான கட்டணத்தையும் யோசித்துப் பாருங்கள். அந்த வீடு விளக்கே போடாமல் இருட்டில் இருந்தாலும் அதைக் கட்டத்தான் வேணும். பிரைற்றனில் பெரிய இயந்திரத்தின் செலவைப் பங்கிடக் கண்டுபிடித்த முறை, இங்கே மூன்று மின்குமிழ் வீட்டின் கழுத்தில் வந்து நின்றது.

மீற்றருக்கு ஆளைத் தெரியாது

இப்போது அன்ரியின் படிக்கட்டுக்குத் திரும்பி வருவோம்.

2022 ஓகஸ்ட் அட்டவணையில் 60 யூனிற் பாவித்தால் 780 ரூபா. 61 பாவித்தால் 1336 ரூபா. அந்த ஒரு யூனிற்றின் விலை 556 ரூபா! காரணம், 60ஐத் தாண்டியதும் முதல் யூனிற்றிலிருந்தே விலை மாறுகிறது, நிலையான கட்டணமும் அடுத்த படிக்குத் தாவுகிறது. 90க்கு 1800, 91க்கு 2450. மீற்றர் ஒழுங்காக, ஒரே வேகத்தில், ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறது. பட்டியல் படிக்கட்டில் பாய்கிறது.

இன்னொரு கணக்கு. ஒருவர் தனி வீட்டில் 20 யூனிற் பாவித்தால் 280 ரூபா. அதே அளவு பாவிக்கும் ஆறு பேர் ஒரே மீற்றரில் இருந்தால் 120 யூனிற், 3900 ரூபா, ஆளுக்கு 650. ஒரே அளவு கரண்ட், இரண்டு மடங்குக்கு மேல் காசு. ஏறுகிற ஏணி ஏழைகளுக்கு உதவ வந்தது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அது கூடப் பாவிக்கிறவர் பணக்காரர், குறையப் பாவிக்கிறவர் ஏழை என்று நம்புகிறது. மீற்றருக்கு யூனிற் தெரியும். அதன் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியாது. கூட்டுக் குடும்பம், ஒரே வளவுக்குள் மூன்று அடுப்பு, போடிங், வாடகை அறைகள் எல்லாம் அந்தப் பெட்டிக்கு ஒரு 'பெரிய பாவனையாளர்'. எப்போதாவது வந்து போகும் ஒருவரின் பூட்டின பங்களா 'சிறிய பாவனையாளர்'.

நாங்கள் அன்ரியைக் குற்றம் சொன்னோம், அன்ரி எங்களைக் குற்றம் சொன்னா. ரெண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. எங்களால் அன்ரியின் 60 யூனிற்றுக்கும் விலை ஏறியது. அன்ரியின் குளிர்சாதனப்பெட்டியாலும் தண்ணி மோட்டராலும் எங்கட 58 யூனிற் உயரப் படியில் ஏறி நின்றது. சண்டை பிடிக்கவேண்டிய இடம் படிக்கட்டு இல்லை, அட்டவணை. அந்த அட்டவணையைத் தீர்மானிக்க முன்னர் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், நேரிலும் சொல்லலாம். வாடகை அறைகளில் இருக்கிற மாணவர்கள், ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள் சார்பில் அங்கே யார் பேசுகிறார்கள்?

இப்போது வருகிற டிஜிற்றல் மீற்றரில் தட்டு இல்லை. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னும். ஒரு யூனிற்றுக்கு 1600 தரம் என்ற மாதிரி ஏதாவது ஒரு எண் அதன் முகத்தில் இருக்கும். அடுத்ததாக வரும் ஸ்மார்ட் மீற்றருக்கு வாசிக்க ஆளே வரத் தேவையில்லை, தானே எண்ணை அனுப்பும், தூரத்தில் இருந்தே இணைப்பை வெட்டவும் முடியும். பகலுக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை என்று பிரிக்கவும் முடியும். இதில் நன்மை இருக்கிறது. ஆனால் எண்ணை வாசிக்கிற பழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டால், எடிசனின் நாகத் தகட்டுக் காலத்துக்கே திரும்பிப் போய்விடுவோம். தராசு மறுபடி அவர்களிடம் போய்விடும்.

எங்கட போடிங்கில் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மீற்றருக்குப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு கொப்பியைக் கட்டினோம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு முறை வைத்து ஒருவர் எண்ணைக் குறிப்பார். கேத்தில் ஒன்றாக்கினோம். அயன் பண்ணுவது கிழமைக்கு ஒரு நாள். அடுத்த மாதம் 88 யூனிற் வந்தது. 90க்குக் கீழே! காசு பாதிக்கும் கீழே இறங்கியது.

நாங்கள் அந்த வீட்டை விட்டு வந்து கன நாளாகிவிட்டது. போன கிழமை அந்தப் பக்கம் போனபோது அன்ரியைப் பார்க்கப் போனோம். கொப்பி புதுசு. எழுத்து அன்ரியுடையது.